பட்டியும் தோட்டமும் ஒரு நாள் கடலும்

எத்தனை ஆடு வளர்க்கலாம் என்று புதிதாகப் பட்டி போட நினைப்பவர்கள் கேட்கும்போது, நிலத்தின் அளவையும் கையிலிருக்கும் பணத்தையும் கணக்கிட்டு விடை சொல்வதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அளவுகோல் வேறு. ஆடுகளை அக்கம்பக்கத்தில் ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்ப முடிகிறதா என்று பார்ப்போம். முடிகிறது என்றால் பட்டி எங்கள் கைக்கு அடங்கியிருக்கிறது. முடியவில்லை என்றால் ஆடு கூடிவிட்டது, அல்லது தீவனம் குறைந்துவிட்டது, அல்லது குட்டி ஈனும் காலம் தாறுமாறாகிவிட்டது என்று பொருள். விளையாட்டுப் பேச்சாகத் தோன்றினாலும், இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்படி வேலைகளை ஒழுங்கு செய்துகொண்டே வந்ததில்தான் ஆடு வளர்ப்பையும் தோட்டத்தையும் நாங்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்டோம்.

எங்கள் ஊர் நாங்குநேரிக்குப் பக்கம். ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம், கோடையில் தண்ணீர் இறங்கிவிடும் ஒரு கிணறு, வீட்டின் பின்புறம் பட்டி, அதையொட்டித் தோட்டம். பதினெட்டுப் பெட்டையும் ஒரு கிடாவும் இருக்கின்றன, எல்லாம் செவ்வாடு என்னும் செம்மறி. திருநெல்வேலிச் சீமைக்குச் சொந்தமான இந்த இனம் உடல் சிறுத்தது, செந்நிறமானது, கம்பளி ரோமம் இல்லாதது. உடல் பெருத்த ஆடு வேண்டுமென்று சிலர் வடக்கே போய் வெம்பூர் ஆடு வாங்கி வருகிறார்கள். வெள்ளையில் செம்பொட்டுகள் சிதறிக் கிடக்கும் அந்தப் பொட்டு ஆடு பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் உடல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வாய். மேய்ச்சல் காய்ந்துபோகும் மாதங்களில் சிறிய ஆடுதான் கிடைத்ததைக் கொண்டு தாக்குப்பிடிக்கிறது என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல்காரர்களின் கருத்து. நானும் அந்தக் கட்சிதான்.

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தீவனம் வேண்டும். பதினெட்டு ஆட்டுக்கு அறுபது கிலோவை ஒட்டி வந்துவிடும். இதை அறுத்துப் போட்டே வளர்ப்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஆகாது. மேய்ச்சல்தான் முதல் ஆதாரம், பட்டித் தீவனம் அதற்குத் துணை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொடுக்கும் புல் மாசி வரை தாங்கும். பிசானம் என்னும் மழைக்கால நெல்லின் அறுவடை முடிந்ததும் வயல்காட்டுத் தாளடி கிடைக்கும். அதற்குப் பிறகு புரட்டாசி வரை வறட்சிதான். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மழை எட்டிப்பார்ப்பதில்லை. மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் காற்று மட்டும் வரும். ஆகவே தை, மாசியிலேயே கடலைக்கொடியையும் உளுந்தம்பொட்டையும் சோளத்தட்டையையும் வாங்கி, மழை நனைக்காதபடி பரண் கட்டி அடுக்கிவிடுகிறோம். உடைமர நெற்றும் சீமைக்கருவேல நெற்றும் கோடையில் காசில்லாமல் கிடைக்கிற நல்ல தீவனம்; பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் சாக்கோடு போய்ப் பொறுக்கி வருவார்கள். வேலியோரம் அகத்தியும் வேலிமசாலும் நட்டிருப்பதால், மேய்ச்சலுக்கு விட முடியாத நாளில் கைக்கெட்டும் பசுந்தழை உண்டு.

தீவனத்தில் இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இளம் சோளப் பயிரையும் மழையின்றி வாடி நிற்கும் சோளத்தையும் ஆடு மேய்ந்தால் அதிலுள்ள நச்சு நிமிடக் கணக்கில் உயிரை வாங்கிவிடும். நன்றாக முற்றிக் காய்ந்த தட்டையில் அந்தப் பயம் இல்லை. இன்னொன்று சோறு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்போடு கொண்டுவந்து பட்டியில் கொட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இலையும் தழையும் செரித்துப் பழகிய இரைப்பையில் சோறும் மாவும் அளவுக்கு மீறி விழுந்தால் உள்ளே புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, மறுநாள் ஆடு எழுந்திருக்காது. எங்கள் பட்டிப் படலுக்கு எப்போதும் பூட்டு உண்டு. திருடனுக்குப் பயந்து போட்டதில் பாதி, சோறு கொண்டுவரும் புண்ணியவான்களுக்குப் பயந்து போட்டது.

பட்டி அமையும் இடம் மேடாக இருக்க வேண்டும். இதைப் பெரியவர்கள் சொன்னபோது குளம்பு அழுகலுக்காகச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகுதான் அதன் முழுப் பொருளும் விளங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையுடைத்து ஓடியது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரு மாவட்டங்களிலும் கட்டுத்தறியிலும் பட்டியிலும் நின்ற கால்நடைகள் ஏராளமாக மாண்டன. எங்கள் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியபோதும் பட்டித் தரையில் தண்ணீர் ஏறவில்லை. இருந்தாலும் அன்றிரவு படலைத் திறந்தே வைத்திருந்தோம். ஆடு தண்ணீரைக் கண்டால் தானே மேட்டைத் தேடி ஏறிக்கொள்ளும். கட்டியோ பூட்டியோ வைத்தால்தான் அதற்கு வழியில்லாமல் போகிறது. பருத்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி இடமும், தரையில் மணலும், மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக்காற்றுக்கு ஓலைத் தட்டியும் இருந்தால் போதும். சிமென்ட் தரை போட வேண்டாம். மூத்திரம் தேங்கிக் குளம்பும் கெடும், எருவும் கெடும்.

மழைக்காலம்தான் செம்மறிக்கு நோய்க்காலம். முதல் மழைக்குத் துளிர்க்கும் இளம்புல்லை ஆவலாக மேயும் ஆடு, அதுவும் கொழுத்த குட்டி, மாலையில் துள்ளி விழுந்து இறப்பதைத் துள்ளுமாரி என்கிறோம். வந்தபின் மருந்து பயன்படாது. புரட்டாசிக்குள் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று, நான்கு மாதக் குட்டிப் பருவத்தில் ஒருமுறை போட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தாங்கும். நீலநாக்கு நோயைப் பரப்புவது கண்ணுக்குச் சட்டென்று அகப்படாத ஒருவகைக் கடிபூச்சி. கார்த்திகை மாலைகளில் வேப்பந்தழையும் நொச்சியும் போட்டுப் புகைமூட்டம் இடுவது அதற்காகத்தான். நோய் வந்த ஆட்டுக்கு உதடும் நாக்கும் வீங்கி வாய் புண்ணாகிவிடும், தீனி எடுக்க முடியாது. அப்போது மருத்துவரை அழைப்பதோடு, கம்பங்கஞ்சியையோ கேழ்வரகுக் கஞ்சியையோ சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே இருந்தால்தான் ஆடு மீளும்.

குடற்புழு விஷயத்தில் ஊரில் ஒரு தவறான வழக்கம் இருக்கிறது. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை வருடம் முழுவதும் ஊற்றுகிறார்கள். புழுவுக்கு அந்த மருந்து பழகிவிடுகிறது. ஆட்டின் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குடிக்கும் புழு வயிற்றில் இருக்கிறது. புழுக்கையைக் கொஞ்சம் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம். பனி உலர்வதற்கு முன் ஆட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கக் கூடாது என்று மந்தை ஓட்டும் பழைய கீதாரிகள் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். ஈரம் இருக்கும்போது புழுவின் இளநிலைகள் புல்நுனியில் ஏறி நிற்கின்றன. வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடுகின்றன.

குட்டிகளை ஒரே காலத்தில் ஈனவைப்பதுதான் எங்கள் வாழ்க்கையை மாற்றிய ஏற்பாடு. கிடா எப்போதும் மந்தையோடு நின்றால் வருடம் முழுவதும் எங்கோ ஒரு பெட்டை ஈன்றுகொண்டிருக்கும். ஒரு இரவுகூட நிம்மதியாகத் தூங்க முடியாது. செம்மறிப் பெட்டை பதினேழு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஆடி நடுவில் கிடாவைச் சேர்த்து இரண்டு சுற்றுக்கு, அதாவது ஐந்து வாரத்துக்கு, விட்டுவைத்துப் பிறகு பிரித்துவிட்டால் போதும். சினைக்காலம் ஐந்து மாதம். மார்கழி நடுவிலிருந்து தைக்குள் எல்லாம் ஈன்றுவிடும். அப்போது காட்டில் புல் இருக்கிறது, தாய்க்குப் பால் இருக்கிறது, பெருமழையும் ஓய்ந்திருக்கிறது. அந்த ஒரு மாதம் மட்டும் நானும் அத்தையும் முறை வைத்து விழித்திருப்போம். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் இருநூறு மில்லியாவது உள்ளே போக வேண்டும். தாய் ஒதுக்கினாலும், குட்டி எழுந்திருக்கச் சோம்பினாலும், கறந்து புகட்டுவதில் தயக்கம் காட்டக் கூடாது. அந்தப் பாலைத் தவறவிட்ட குட்டியைப் பிறகு எந்த மருந்தும் தேற்றுவதில்லை.

இனி தோட்டம். ஆட்டெரு அந்த வருடம், மாட்டெரு மறுவருடம் என்பார்கள். ஆட்டெருவின் பலன் போட்ட பயிரிலேயே தெரிந்துவிடும். ஆட்டெருவில் மூன்று சதவீதம் வரை தழைச்சத்து இருக்கிறது. சாதாரணத் தொழுவுரத்தில் அரை சதவீதம்தான். தாமிரபரணிப் பாசனத்து விவசாயிகள் பங்குனியில் கிடை மறிப்பதற்குக் கூலி கொடுத்து மந்தையை வரவழைப்பது இதனால்தான். வயலிலேயே ஆடு படுத்து எழும்போது புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்கிவிடுகிறது. எங்கள் சிறிய பட்டியில் கிடைக்கு நிகரான வேலையைச் செய்ய ஒரு வழி கண்டோம். தோட்டத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து, கோடையில் தரிசாகக் கிடக்கும் பாத்தியில் முள்வேலி படலை நகர்த்தி நகர்த்தி வைத்து ஆடுகளை இரவில் அடைக்கிறோம். பத்து, பன்னிரண்டு நாளில் ஒரு பாத்தி எருவேறிவிடும். உடனே மேலாக உழுதோ கொத்தியோ மூடிவிட வேண்டும். வெயிலில் விட்டால் சத்து காற்றோடு போய்விடும்.

பட்டியிலிருந்து வாரிய புழுக்கையை அப்படியே செடிக்குப் போடுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோடையில் ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றின் விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வருகின்றன. வயிற்றில் ஊறியதால் முன்னைவிட நன்றாகவும் முளைக்கின்றன. கத்தரிப் பாத்தியில் கத்தரிக்கு முன்பே கருவேலம் எழுந்து நிற்கும், அதன் ஆணிவேரைப் பிடுங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. எனவே கோடைப் புழுக்கையைத் தனியாகக் குழியில் போட்டு, தழையும் சாம்பலும் கலந்து, தண்ணீர் தெளித்து, மூன்று மாதம் புரட்டி மக்கவைக்கிறோம். குவியலுக்குள் எழும் சூட்டில் பெரும்பாலான விதைகள் அவிந்துபோகும். நெற்று தின்னாத மழைக்காலப் புழுக்கைக்கு இந்தப் பாடு தேவையில்லை.

ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, சீனியவரை, தடியங்காய் விதைக்கிறோம். புடலைக்கும் பீர்க்குக்கும் பந்தல் உண்டு. எங்கள் பக்கத்துப் பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாமல் முடியாது. அதற்கு ஆட்டெரு ஏறிய பொலபொலத்த மண் மிகவும் பிடிக்கும். ஆவணியில் கொடியை நறுக்கி நட்டால் மார்கழிக் கடைசியில் தோண்டலாம். தோண்டியெடுத்த பின் மிஞ்சும் கொடியும், தோட்டத்தில் கழித்த வெண்டைச் செடியும், முற்றிப்போன காயும் பட்டிக்குப் போகும். இங்கேதான் கவனம் தேவை. பூஞ்சாண நோய்க்கு மயில்துத்தம் என்னும் தாமிர உப்பு கலந்த மருந்து அடித்த செடியைச் செம்மறிக்குப் போடவே கூடாது. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவுத் தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் பூத்து ஆடு செத்துவிடும். மாட்டுக்கென்று விற்கும் தாதுஉப்புக் கலவையையும் இதே காரணத்தால் நாங்கள் வாங்குவதில்லை. செம்மறிக்கென்று தயாரித்த உப்புக்கட்டியைப் பட்டியில் கட்டித் தொங்கவிடுகிறோம். அது கிடைக்காதபோது தூத்துக்குடிக் கல்லுப்பு. தோட்டத்தில் இப்போது மயில்துத்தத்தைத் தொடுவதில்லை, வேப்பங்கொட்டைக் கரைசல்தான்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்தினால் வருடத்தில் எந்த நாளில் வீட்டைப் பூட்டலாம் என்பது தானாகத் தெளிவாகிறது. தையில் ஈன்ற குட்டிகள் பங்குனிக் கடைசியில் தாயோடு சேர்ந்து தழை கடிக்கத் தொடங்கியிருக்கும். சிறுகிழங்கு முடிந்திருக்கும், ஆடிப்பட்டம் வெகுதூரத்தில் இருக்கும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்த உறவுக்கூட்டமும் கலைந்திருக்கும். கடல் பக்கத்து நியாயமும் இதற்கு ஒத்துவருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; அதற்கு முன்னே போய்விட்டால் மீன் விலை கட்டுக்குள் இருக்கும். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலால் எழுந்த அலை திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். அறிவிப்பு வந்த நாளில் அமைதியாகத் தெரிகிற கடலை நம்பிப் பிள்ளைகளை இறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் கடல் கொந்தளிப்பு வெளிப்படையாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். எங்கள் கரையோர ஊர்களில் கத்தோலிக்க மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை. கரையில் மீன் இருக்காது. ஆகவே பங்குனிச் சனிக்கிழமை.

போகும் நாளில் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகாது, பட்டியிலேயே நிற்கும். அதைச் சமாளிக்கும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேயாத நாளுக்கு ஈடுகட்டுவதாக எண்ணித் தவிட்டையும் புண்ணாக்கையும் கூடுதலாக வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வயிறு உப்பிய ஆடுதான் நிற்கும். தீவனம் மாறுவது ஆட்டுக்கு ஆகாது; மாற்ற வேண்டுமானால் மெதுவாக மாற்ற வேண்டும். பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே கடலைக்கொடியை மாலைத் தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவிடுகிறோம். அன்று காலையில் கொடியும் தட்டையும் தீனித்தட்டியில் நிறைய, அகத்தித் தழை நடுப்பகலுக்கு, அடர்தீவனம் வழக்கமான அளவு, அவ்வளவுதான். பங்குனி வெயிலில் ஆடு ஒன்று ஐந்து லிட்டர் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். ஒரே தொட்டியை நம்பாமல் இரண்டு இடத்தில் நிழலில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு முரட்டு ஆடு தொட்டியில் காலை விட்டுக் கலக்கிவிட்டால் மற்றவை அந்தத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காது.

பார்த்துக்கொள்வது அடுத்த வளவு அண்ணாச்சி. அவரும் ஆட்டுக்காரர்தான். பணம் பேசினால் கோபித்துக்கொள்வார். அவர் மகள் வீட்டுக்குப் போகும் நாட்களில் அவருடைய பட்டியை நாங்கள் பார்ப்பதே கணக்கு. கூலிக்கு ஆள் வைப்பதைவிட இந்தக் கைமாற்று நல்லது என்பேன். ஆட்டை ஆட்டுக்காரர் பார்த்தால்தான் எது படுத்திருக்கிறது, எது சுருண்டிருக்கிறது என்ற வித்தியாசம் தெரியும். கிளம்பும்போது அத்தை படலருகே நின்று எல்லாவற்றையும் மறுபடியும் ஒப்பித்துக்கொண்டிருப்பார். “ஆட்ட நா பாத்துக்கிடுதேன், நீங்க வண்டியத் தவற விட்றாதிய, மதினி” என்று அண்ணாச்சி விரட்டினால்தான் நகர்வார்.

விடியற்காலைப் பேருந்தில் நாங்குநேரியிலிருந்து திசையன்விளை, அங்கிருந்து உவரி. நாற்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். வழியில் விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் நிலையத்துக் கம்பிக் கோபுரங்கள் தெரியத் தொடங்கியதும் பிள்ளைகள் சன்னலுக்கு வந்துவிடுவார்கள். 471 மீட்டர் உயரம். இந்தியாவிலேயே இதைவிட உயரமான கட்டுமானம் வேறில்லை. திசையன்விளை நெருங்க நெருங்க மண் இரத்தச் சிவப்பாகிவிடும், தேரி மணல். முருங்கையும் பனையுமாகத் தோட்டங்கள். எங்கள் மண்ணிலும் முருங்கை நன்றாக வரும் என்று நம்பி இங்கிருந்து ஒரு போத்து வாங்கி நட்டதில் இப்போது வேலி நெடுகிலும் மரம் நிற்கிறது, அதன் கழித்த கிளையும் பட்டிக்குத்தான். பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். பனையோலைப் பட்டையில் குடிப்பதாக இருந்தால் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

உவரியில் முதலில் சுயம்புலிங்க சுவாமி கோயில். வேண்டுதல்காரர்கள் கடல் மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுவதைப் பார்க்கலாம். அத்தை வருடா வருடம் இந்த நேர்த்திக்கடனைச் செய்கிறார். ஆடு நோயில்லாமல் ஈனுவதற்குத்தான். தடுப்பூசியும் போடுகிறோம் என்பதை நான் அவரிடம் நினைவூட்டுவதில்லை. பிறகு அந்தோனியார் கோயில், கப்பல் வடிவிலேயே கட்டி உச்சியில் ஆகாய விமானத்தின் உருவம் வைத்த கப்பல் மாதா கோயில். நண்பகலுக்கு முன் கரைக்கு வந்துவிட்டால் வள்ளங்கள் திரும்பி மீன் ஏலம் போவதைப் பார்க்க முடியும். காயவைத்த வலையின் மேல் பிள்ளைகள் மிதித்து ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மீனவர்களுடைய ஏர். இந்தக் கரையில் மணல் ஒரே நிறமாக இருக்காது. இல்மனைட் கருப்பும் கார்னெட் சிவப்பும் அலை இழுத்த இடமெல்லாம் கோடு கோடாகக் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று பூந்தொட்டிக்கு அள்ளிவரப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். உப்பு மணல் செடிக்கு எமன். கையைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

குளிப்பது முழங்காலளவுத் தண்ணீரில், அதுவும் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும். புளிச்சோறும் எள்ளுத்துவையலும் கட்டிக்கொண்டு போவோம்; நாள் முழுவதும் கெடாது. சாப்பாட்டுக்கு மேல் வெயில் தாங்காது என்பதால் இரண்டு மணிக்குக் கிளம்புவதே எங்கள் வழக்கம். ஆனால் அதற்கு முன் தோட்டத்துக்கான ஒரு வேலை உண்டு.

மீன் அறுக்கும் பெண்களிடம் கேட்டால் தலை, குடல், செதிள் என்று கழிவைப் பையில் போட்டுத் தருவார்கள். சாளை அறுப்பவர்களிடம் நிறையக் கிடைக்கும். அந்தக் கழிவும் அதே எடைக்கு வெல்லமும் கலந்து மூடிவைத்தால் மீன் அமிலம். இதை வீட்டுக்கு வந்து கலக்கலாம் என்று நினைக்க வேண்டாம்; பங்குனி வெயிலில் பச்சைக் கழிவோடு பேருந்தில் ஏறினால் நடத்துநர் மட்டுமல்ல, பயணிகள் எல்லோரும் சேர்ந்து இறக்கிவிடுவார்கள். மூடி இறுகப் பிடிக்கும் பெயின்ட் வாளியில் வெல்லத்தை முன்பே பொடித்துக் கொண்டுபோய், கரையிலேயே கழிவைக் கொட்டிப் பிசைந்து, மேலும் ஒரு கை வெல்லத்தைத் தூவி மூடினால் நாற்றம் அடங்கிவிடும். வாளியில் கால்பங்கு வெற்றிடம் வேண்டும். ஊறும்போது காற்று பொங்கும். வெல்லத்துக்குப் பதில் அங்கே கிடைக்கும் நல்ல கருப்பட்டியைப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டதற்கு அத்தை முறைத்த முறைப்பு இன்னும் வீட்டில் பேச்சாக இருக்கிறது. கருப்பட்டி காப்பிக்கு, பாகு வெல்லம் செடிக்கு. வீட்டில் நிழலில் வைத்து, இடையிடையே மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு, குறைந்தது மூன்று வாரம் கழித்துத் தேன் நிறத்தில் நீர் பிரிந்ததும் வடிகட்டுகிறோம். லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லிக்கு மேல் வேண்டாம். கூடினால் இலை கருகும். மாலையில் தெளித்தால் புடலையும் பீர்க்கும் எடுக்கிற கொடியோட்டத்தை மறுவாரமே பார்க்கலாம். தெளித்த தழையைப் பத்து நாளைக்கு ஆட்டுக்குப் போடுவதில்லை. நஞ்சென்று அல்ல, வாடைக்கு அவை தொடாமல் மிதித்துப் பாழாக்கும்.

ஐந்து மணிவாக்கில் வீடு வந்ததும் உடை மாற்றுவதற்கு முன் பட்டிக்குள் போய்விடுவோம். எண்ணிக்கை பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழி நிரம்பியிருக்கிறதா, கையால் அழுத்தினால் மாவுபோல் பதிகிறதா, முரசுபோல் விம்மியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். அசைபோடாமல் ஒதுங்கி நிற்கும் ஆடு எது, குட்டிகளில் எதன் வயிறு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள் மேய்ச்சலுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக அவிழ்த்தால் போதும். அடைபட்டுக் கிடந்த ஆட்டைப் பசியோடு பச்சைப் புல்லில் இறக்காமல், முதலில் இரண்டு பிடி காய்ந்த கொடியைக் கடிக்கவைத்து ஓட்டிப்போகிறோம்.

இந்த வருடம் குட்டிகளில் பெட்டை அதிகம். ஆறு பெட்டைக் குட்டிகளையும் வைத்துக்கொண்டால் அடுத்த ஆடியில் இருபத்துநான்கு பெட்டை கிடாவுக்கு நிற்கும். ஒரு கிடாவால் முடியாதது அல்ல, ஆனால் கோடைத் தீவனம் எண்பது கிலோவைத் தொடும், அண்ணாச்சியால் தனியாளாகப் பார்க்கவும் முடியாது. வயதான நான்கு பெட்டைகளையும் கிடாக்குட்டிகளையும் பக்ரீத்துக்கு முன் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு, மேலப்பாளையத்துக்கு, ஏற்றிவிடலாம் என்பது என் கருத்து. கிடாக்குட்டிகளுக்கு அத்தை சம்மதித்துவிட்டார். வயதான பெட்டைகளில் ஒன்று தான் சீம்பால் கறந்து புகட்டி வளர்த்தது என்று சொல்லி, அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் மாட்டேன் என்கிறார். ஆக மூன்றுதான் போகும்போலிருக்கிறது.